திமிங்கலப் பல்லில் சோமாஸ் கரண்டி: 900 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். இங்கே ஒரு பழம்பொருள் கடையில் நம்ம சோமாஸ் கரண்டி மாதிரியே, சின்னச் சக்கரம் வைத்த ஒன்றைப் பார்த்தேன். திமிங்கல வேட்டைக் கப்பல் மாலுமி 1850 வாக்கில் பல்லில் செதுக்கியது, 900 டாலர் என்கிறார். நம்பலாமா? ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு எடுத்து வரலாமா?

பதில்: அதன் வேலையும் சோமாஸ் கரண்டி வேலைதான். 'பை' (pie) என்று உள்ளே பூரணம் வைத்துச் சுடும் பண்டம் செய்யும்போது மேல் மாவையும் கீழ் மாவையும் ஓரத்தில் அழுத்தி ஒட்டும், மிச்சத்தை நறுக்கும். நியூ பெட்ஃபோர்டு, நாண்டக்கெட் என்ற உங்கள் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து வேட்டைக் கப்பல்கள் கிளம்பினால் திரும்ப மூன்று நான்கு வருஷம்கூட ஆகும். திமிங்கலம் கண்ணில் படாத நாட்கள் ஏராளம். எண்ணெய்தான் முதலாளிக்குக் காசு; பல்லும் தாடை எலும்பும் மாலுமி கைக்கு வரும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு என்று உட்கார்ந்து செதுக்கினார்கள். ஆக, இப்படி ஒரு பொருள் உண்டு. நீங்கள் பார்த்தது அதுதானா என்பதே கேள்வி.

ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள். எலும்பு என்றால் ஊசியால் குத்தியதுபோல் கருப்புப் புள்ளிகளும் குட்டிக் கீற்றுகளும் தெரியும். ரத்தக் குழாய் ஓடிய தடம் அது. பல்லில் இருக்காது. கைப்பிடி எலும்பு, சக்கரம் பல் என்று கலந்தும் செய்வார்கள். எங்கும் ஒரே வழவழப்பு, ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு என்றால் பிளாஸ்டிக் வார்ப்பு. புற ஊதா டார்ச் அடித்தால் பல்லும் எலும்பும் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும், பிளாஸ்டிக் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள்; வேண்டாம், அசலாக இருந்தால் வடு விழும். அச்சாணியைப் பாருங்கள். நிஜமாகவே மாவில் உருண்ட சக்கரம் என்றால் அங்கே தேய்மானம் தெரியவேண்டும். கப்பல் பெயரும் வருஷமும் பளிச்சென்று பொறித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

நியூ பெட்ஃபோர்டு திமிங்கல வேட்டை அருங்காட்சியகம் உங்களுக்குக் காரில் ஒரு மணி நேரம்தான். அசலை அங்கே பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

அம்மாவுக்கு? கூடவே கூடாது. இந்தப் பல் எண்ணெய்த் திமிங்கலத்துடையது (sperm whale). அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் அது இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிபோகும், வழக்கும் வரலாம். அமெரிக்காவுக்குள்ளும் கடல் பாலூட்டிகளைக் காக்கும் 1972 சட்டமும், அழியும் உயிரினங்களைக் காக்கும் 1973 சட்டமும் இருக்கின்றன. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருள் என்பதற்குக் காகிதம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதியும் மாறும். கலிஃபோர்னியாவின் தந்தத் தடையில் திமிங்கலப் பல்லும் அடக்கம்.

என்ன பொருளால் ஆனது, எந்தக் காலத்தது, போலி என்று தெரிந்தால் பணம் வாபஸ் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் வந்துவிடுங்கள்.