மழையில் நனைந்த மக்காச்சோளம்: காயவைத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் 8 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சொந்தக் காட்டில் விளைந்த மக்காச்சோளம் களத்தில் கிடந்தபோது தை மழையில் இரண்டு நாள் நனைந்துவிட்டது. மொத்தம் 30 மூட்டை, அங்கங்கே பச்சையாகப் பூசணம் தெரிகிறது. நன்றாகக் காயவைத்து அரைத்துத் தவிட்டோடு கலந்து வைத்தால் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். டாக்சின் பைண்டர் (தீவனத்தில் கலக்கும் நஞ்சுப் பிடிப்பான்) போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் மருந்துக்கடைக்காரர். யார் சொல்வது சரி? கோழிக்கும் நாய்க்கும் போடலாமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கலே.

முதலில் காயவைக்கும் விஷயம். பூசணம் வேறு, அது விட்டுப்போகும் நஞ்சு வேறு. வெயிலில் நன்றாகக் காயவைத்தால் பூசணம் வளர்வது நின்றுவிடும், ஆனால் அதற்குள் அது மணிக்குள் இறக்கிவைத்த அஃப்ளாடாக்சின் அப்படியே இருக்கும். அரைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, 200 டிகிரிக்கு மேல் சூடு தாங்குகிற சரக்கு அது. அரைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: இப்போதாவது கெட்ட மணியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம், மாவாகிவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒன்றுதான். அதனால் தயவுசெய்து இன்னும் அரைக்காதீர்கள்.

நீங்கள் சொல்கிற பச்சை நிறம் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையாக இருக்கும். பச்சை இருந்தால் கட்டாயம் நஞ்சு இருக்கிறது என்று அர்த்தமில்லை, பளபளவென்று மஞ்சளாக இருப்பதால் நஞ்சு இல்லை என்றும் அர்த்தமில்லை. படைப்புழு கடித்த கதிரில் காட்டிலேயே பூஞ்சை ஏறியிருக்கலாம், அது வெளியே தெரியாது. கண்ணை நம்ப முடியாது, மூக்கையும் நம்ப முடியாது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? மாட்டுத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 அதிகபட்சம் 20 பிபிபி என்பது நம் நாட்டுத் தர அளவு. கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 50 கிலோ மூட்டை முழுவதற்கும் வெறும் 1 மில்லிகிராம்! இந்த நஞ்சை மாட்டின் ஈரல் எம்1 என்ற இன்னொரு வடிவமாக மாற்றுகிறது, அது பாலில் இறங்குகிறது. தின்ற பி1-இல் சுமார் 1 முதல் 2 சதவீதம், நிறையக் கறக்கிற மாட்டில் 6 சதவீதம் வரைகூடப் பாலுக்கு வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிபிபி உள்ள மக்காச்சோளம் ஒரு நாளைக்கு 2 கிலோ தின்றால் 200 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் 2 சதவீதம் என்றால் 4 மைக்ரோகிராம், மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.4. பாலுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 0.5. மக்காச்சோளம் மட்டும் வைத்தே விளிம்புக்கு வந்துவிட்டோம், இதோடு பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ சேர்ந்தால் தாண்டிவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. அந்த ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 5.7 சதவீதத்தில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது, தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. பால் கலப்படம் என்றால் யூரியா, சோப்பு என்று கத்துகிறோம், தீவனத் தொட்டியிலிருந்து வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காய்ச்சினாலும் எம்1 போகாது. உங்கள் வீட்டுக் குழந்தை குடிப்பதும் அதே பால்தான்.

மாட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பெரிய மாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் தீனி குறையும், கறவை ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் இறங்கும், மேல் முடி சொரசொரப்பாகும், அவ்வளவுதான். தடுப்பூசி போட்டும் நோய் வருகிறதே என்று புலம்புகிறவர்கள் தீவனத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்த நஞ்சு எதிர்ப்புச் சக்தியை அடிக்கிறது. கன்றுக்குட்டி பெரிய மாடு அளவுக்குத் தாங்காது. முறிவு மருந்து என்று எதுவும் கிடையாது.

சரி, இப்போது என்ன செய்வது? கண்ணுக்குத் தெரிந்து பூசணம் பிடித்ததை, கட்டியாக ஒட்டியதைத் தனியாக ஒதுக்குங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. மீதியைச் சல்லடையில் போட்டுச் சலித்து நொறுங்கல், தூசி, வண்டு துளைத்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். நஞ்சில் பெரும்பங்கு உடைந்த மணியிலும் பொடியிலும்தான் இருக்கும். அலசலாமா என்று கேட்காதீர்கள், இப்போதுதான் ஈரத்திலிருந்து தப்பித்திருக்கிறது. தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்கு வரும்வரை காயவையுங்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு பழைய வழி: காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளமும், வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு ஒரு பிடியும் போட்டு மூடி, இரண்டு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லையென்றால் அதற்குக் கீழே, இன்னும் ஒரு நாள் வெயில் காட்டி மூட்டை பிடியுங்கள். தரையில் அடுக்காமல் மரப்பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி.

அப்புறம் பரிசோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, அங்கே அனுப்பலாம். ஆனால் பலரும் தவறு செய்வது மாதிரி எடுப்பதில்தான். ஒரு மூட்டை வாயைத் திறந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போனால் அந்த முடிவு வெறும் காகிதம். ஆயிரம் மணி சுத்தமாக இருக்கும், பக்கத்தில் ஒரே ஒரு மணியில் எக்கச்சக்கமாக இருக்கும், நஞ்சு அப்படித்தான் திட்டுத்திட்டாக உட்கார்ந்திருக்கும். குத்தூசி போட்டு 30 மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து ஒன்றாகக் கொட்டி, நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைச் சேர்த்து மறுபடி கலந்து, கடைசியில் ஒரு கிலோ வரும்வரை குறைத்து அனுப்புங்கள். காகிதப் பையில். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் இருந்தால் வழியிலேயே பூசணம் வளர்ந்துவிடும்.

முடிவு 20 பிபிபிக்குக் கீழே வந்தால் கறவை மாட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல், 100-க்குள் என்றால் கறவைக்கும் சினைக்கும் கன்றுக்கும் வேண்டாம், உழவு மாடு இருந்தால் தீனியில் சிறு பங்காகக் கொடுக்கலாம். அதையும் தாண்டினால் குழி வெட்டிப் புதைப்பதுதான் வழி. வியாபாரியிடம் தள்ளிவிடலாம் என்று தோன்றும், தெரியும். அது வேறு பெயரில் மூட்டைத் தீவனமாக உங்கள் ஊருக்கே திரும்பி வரும்.

பைண்டர் ஏமாற்று இல்லை. பென்டோனைட் களிமண் வகைகள் குடலில் அஃப்ளாடாக்சினைப் பிடித்து வெளியேற்றும், பாலில் இறங்குவதும் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், நின்றுவிடும் என்று சொல்லவில்லை. நனைந்த மக்காச்சோளத்தில் ஃபியூசேரியம் பூஞ்சையின் நஞ்சுகளும் வரலாம், அவற்றில் பலவற்றைக் களிமண் சரியாகப் பிடிக்காது. நல்ல தீவனத்துக்குக் காப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கெட்டதை நல்லதாக்க அல்ல.

இதற்குள் ஒரு வாரமாக மாட்டுக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். நிறுத்திய 3, 4 நாளில் பாலில் எம்1 வேகமாக இறங்கிவிடும். அதுவரை வீட்டுக் குழந்தைகளுக்கு வேறு பால் கொடுங்கள், மற்றவர்களுக்கும் ஊற்ற வேண்டாம்.

நாய்க்கு வேண்டவே வேண்டாம். 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும் இதேபோல மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள், அந்த வீடுகளில் அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. கோழி மாட்டைவிட மோசம், முட்டை குறையும், ஈரல் வெளுக்கும், பரிசோதனை முடிவு வரும்வரை அதற்கும் போடாதீர்கள். வாத்து இருந்தால் இந்தக் களத்துப் பக்கமே விடாதீர்கள், குஞ்சுகள்தான் முதலில் போகும்.