செகாவும் காசநோயும்

கேள்வி: ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவின் பிற்காலப் படைப்புகளின் ஆழத்துக்கு அவருடைய காசநோய்தானே காரணம்? அந்த நோய் அவருக்கு ஒரு வரம் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. செகாவ் மருத்துவர். படிப்பை முடித்த 1884ஆம் ஆண்டிலேயே இருமலோடு இரத்தம் வரத் தொடங்கியது. அதன் பொருள் அவருக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. ஆயினும், 1897 மார்ச்சில் மாஸ்கோ உணவகம் ஒன்றில் இரத்தம் பெருகி மருத்துவமனையில் சேர்க்கப்படும் வரை, தம் நுரையீரலை முறையாகச் சோதிக்க அவர் எவருக்கும் இடம் கொடுக்கவில்லை. நோயை ஒதுக்கிவைத்து வேலை செய்வதே அவர் விரும்பிய வாழ்க்கை. 1890இல் சைபீரியாவைப் பெரும்பகுதி குதிரை வண்டியிலேயே கடந்து, சகலின் தீவுக்குச் சென்று, அங்கிருந்த கைதிகளைக் குடிசை குடிசையாகச் சந்தித்துக் கணக்கெடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த, மனநோயாளிகள் அடைக்கப்பட்ட வார்டைப் பற்றிய 'ஆறாவது வார்டு' கதையின் ஆழம், அடைபட்ட மனிதர்களை அருகிருந்து பார்த்த கண்களிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

நோய் எடுத்துக்கொண்டதையும் பாருங்கள். 1886இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கதைகளை வெளியிட்டவர், 1903இல் வெளியிட்ட புதிய கதை 'மணமகள்' ஒன்றுதான். 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை, பல நாள்கள் சில வரிகளுக்கு மேல் எழுத இயலாத களைப்போடு எழுதி முடித்தார். அது மேடையேறிய 1904ஆம் ஆண்டிலேயே, நாற்பத்து நான்கு வயதில், ஜெர்மனியின் பாடன்வைலர் நகரில் இறந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கருங்கடல் கரையிலுள்ள யால்டா நகரில் குடியேறிய அவர் மாஸ்கோவுக்காக ஏங்கினார். 1901இல் அவர் மணந்த ஓல்கா நிப்பர் மாஸ்கோ மேடையில் நடித்துக்கொண்டிருக்க, குளிர்காலங்களைப் பெரும்பாலும் தனியே கழித்தார். மாஸ்கோவுக்குப் போக வேண்டும் என்று 'மூன்று சகோதரிகள்' திரும்பத் திரும்பச் சொல்வதில் அந்த ஏக்கத்தின் சாயல் இருக்கிறது. ஆனால் ஏக்கம் கொண்ட நோயாளிகள் எல்லோரும் அந்த நாடகத்தை எழுதிவிடவில்லை. இருபது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதிப் பழகிய கை அதற்குத் தேவைப்பட்டது.

யால்டாவுக்குக் கையில் காசில்லாமல் வந்து சேர்ந்த காசநோயாளிகளுக்குத் தங்க இடமும் சிகிச்சையும் கிடைக்க வேண்டுமென்று செகாவ் வேண்டுகோள் எழுதி நன்கொடை திரட்டினார். தம் நோயை அவர் என்னவாகக் கருதினார் என்பதை அறிய விரும்பினால், அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.