கணினி கேள்வி பதில்

கேள்வி: குளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் மென்பொருளில் டிஸ்க் இமேஜ் (வட்டு முழுவதன் நகல்) எடுக்கப் போனால் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறை) பிழை காட்டி நின்றுவிடுகிறது. பேசாமல் கோப்புகளை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தால் போதாதா?

பதில்: படங்களும் கடிதங்களும் பிழைத்தால் போதும் என்றால் காப்பியே போதும். ஆனால் வட்டு செத்த அன்று விண்டோஸையும் மென்பொருள்களையும் புதிதாக நிறுவியாக வேண்டும். இமேஜில், கணினியைத் தொடங்க வைக்கும் பூட் பகுதி உட்பட எல்லாம் அப்படியே திரும்பும்.

பெரும்பாலும் பிழைக்குக் காரணம், விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். என்டிஎஃப்எஸ் பகுதி சரியாக மூடப்படாததால் குளோன்சில்லா தொட மறுக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் செய்து, குளோன்சில்லா உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். அப்படியும் மறுத்தால் விண்டோஸில் வட்டுப் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டுங்கள்.

வட்டிலுள்ள தரவைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் கேட்காமலே இயங்கியிருக்கும். பூட்டிய பகுதியில் எது காலியிடம் என்று குளோன்சில்லாவுக்குத் தெரியாது. 80 ஜிபி தரவுக்காக 500 ஜிபி பகுதி முழுவதையும் நகலெடுக்கும், சுருக்கவும் முடியாது.

இமேஜைச் சரிபார்க்கவா என்று கடைசியில் கேட்கும். நேரம் பிடிக்கும்தான், தவிர்க்காதீர்கள். இமேஜைத் திருப்பிப் போட பிற்பாடு வாங்கும் புது வட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.