அம்மாவோடு சிலேட்டுப் பாதை: ஒரு நாள் போதும்

தங்கச்சி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து பாங்கருக்கு வரும் அம்மாவுடன் வடக்கு வேல்ஸின் சிலேட்டுப் பாதையில் (சிலேட்டுக் கல் குவாரி ஊர்களை இணைக்கும் நடைபாதை) நடக்க ஆசை, ஆனால் அவருக்கு முழங்கால் வலி, காரும் இல்லை, எந்தப் பகுதியில் நடக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

முழுப் பாதை 83 மைல், அதை விடுங்கள். எல்லோரும் லான்பெரிஸ் போகச் சொல்வார்கள். அங்கே குவாரி ஏற்றம் செங்குத்து, கோணேசர் கோயில் ஏற்றத்திலேயே நின்று நின்று போகிறவருக்குச் சரிவராது.

பாங்கரிலிருந்து பஸ்ஸில் குவாரி ஊரான பெதெஸ்டா போய், அங்கிருந்து பாங்கர் பக்கத்துப் பென்ரின் துறைமுகத்துக்கு இறங்கி நடவுங்கள். சுமார் 6 மைல், பெரும்பகுதி பழைய ரயில்பாதை, அதனால் சரிவு மெதுவானது. குவாரியில் உடைத்த கல் கப்பலேறிய துறைமுகத்திலேயே போய் முடியும். திருகோணமலைக்காரருக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

பெதெஸ்டாவில் கொஞ்சம் நில்லுங்கள். 1900 முதல் 1903 வரை குவாரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’, அதாவது வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போனவர் இல்லை என்று வேல்ஸ் மொழியில் அச்சிட்ட அட்டையை வீட்டு யன்னல்களில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வேலிகளையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்: சிலேட்டுப் பலகைகளை நிமிர்த்தி நட்டு, கம்பியால் பிணைத்திருப்பார்கள்.

அப்புறம், மழையில் நனைந்த சிலேட்டு பாசி பிடித்த கிணற்றடி மாதிரி வழுக்கும். அம்மாவைச் செருப்போடு கூட்டிப்போகாதீர்கள், பிடிப்புள்ள சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.