நியூட்டன் தோற்றாரா?

கேள்வி: ஈர்ப்பு விசை பற்றி நியூட்டன் சொன்னது தவறு என்று ஐன்ஸ்டைன் காட்டிவிட்டார். நாளைக்கு இன்னொருவர் வந்து ஐன்ஸ்டைனும் தவறு என்பார். ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசும் விஞ்ஞானத்தை எதை வைத்து நம்புவது?

பதில்: மாற்றம் வந்தது உண்மை. ஆனால் 'ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசுவது' என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. எவ்வளவு சின்னப் பிசகுக்காக அந்த மாற்றம் வந்தது என்று பாருங்கள்.

நியூட்டன் கணக்குப்படி இருக்கவேண்டிய இடத்தில் யுரேனஸ் இல்லை. அதற்கும் அப்பால் ஏதோ ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று பிரான்ஸின் வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டார். எங்கே தேடவேண்டும் என்று பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதமும் எழுதினார். கடிதம் கிடைத்த அன்று இரவே, 1846 செப்டம்பர் 23-ல், நெப்டியூன் அகப்பட்டது. அவர் சொன்ன இடத்துக்கும் அது இருந்த இடத்துக்கும் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. நியூட்டனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி எது?

அதே லெவெரியே 1859-ல் புதனிடம் வந்து முட்டிக்கொண்டார். புதனின் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் நின்றது. பின்னால் திருத்திய அளவுப்படி அது நூறு ஆண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3,600 விகலை. அதாவது இந்தப் பிசகு ஒரு பாகையாக வளர 8,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! போகட்டும் என்று யாரும் விடவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் வல்கன் என்று ஒரு கோள் இருக்கவேண்டும் என்றார் லெவெரியே. கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள். 1877-ல் இறக்கும்வரை அவர் அதை நம்பினார். அப்படி ஒரு கோளே இல்லை.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய சமன்பாடுகளில் புதனைப் போட்டுப் பார்த்தார். ஈர்ப்பு என்பது இழுக்கும் கயிறு அல்ல, பொருள்களால் காலமும் வெளியும் வளைவதுதான் என்பது அவர் கொள்கை. எந்த எண்ணையும் இழுத்துப் பொருத்தாமலே 43 வந்தது. தனக்கு நெஞ்சு படபடத்தது என்று பிறகு நண்பரிடம் சொன்னார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

சரி, நியூட்டன் என்ன ஆனார்? ஈர்ப்பு பலவீனமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும் இடத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் நியூட்டனின் விதியாகவே சுருங்கிவிடும். ராக்கெட்டின் பாதைக்கு இன்றும் அடிப்படை நியூட்டன்தான். உங்கள் கைபேசிக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் மட்டும் கடிகாரம் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. அதைத் திருத்த ஐன்ஸ்டைன் வேண்டும். இடைவெளியில் எதுவுமே இல்லாமல் ஒரு பொருள் இன்னொன்றை எப்படி இழுக்கும் என்ற கேள்வி நியூட்டனையே உறுத்தியது. அது அபத்தம் என்று கடிதத்தில் எழுதியவரும் அவர்தான்.

நாளைக்கு ஐன்ஸ்டைனும் திருத்தப்படலாம். அப்படித் திருத்துகிறவர் புதனின் 43 விகலையையும் ஜிபிஎஸ்ஸின் 38 மைக்ரோ விநாடியையும் பிசகாமல் தந்தாகவேண்டும். அதற்கான தேடல் இப்போதே நடக்கிறது. விண்மீன் மண்டலங்களின் ஓரத்து விண்மீன்கள், நமக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு தாங்குவதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குப் படாத பொருள் இருக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. ஈர்ப்பு விதியையே திருத்தவேண்டும் என்கிறார்கள் சிலர். இது நெப்டியூனா, வல்கனா என்று இன்னும் முடிவாகவில்லை.