நாற்காலிக்கு ஒரு வழி, பீரோவுக்கு வேறு வழி: தரையில் கீறல் விழாமல் இருக்க

கேள்வி: ஹாலில் பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ், படுக்கையறையில் லேமினேட் மரத்தரை. சாப்பாட்டு மேசையின் நாற்காலிகளை இழுத்து இழுத்து டைல்ஸில் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்துவிட்டன. காலில் ஒட்டிய ஃபெல்ட் துண்டுகளும் சீக்கிரமே கழன்றுவிடுகின்றன. அடுத்து ஓர் இரும்பு பீரோவைப் படுக்கையறைக்கு நகர்த்த வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சாம்பல் கோடுகள். அவை கீறலாக இல்லாமலும் இருக்கலாம், அதனால் இப்போதே கவலைப்பட வேண்டாம். விட்ரிஃபைட் டைல்ஸ் சாதாரண இரும்பையும் அலுமினியத்தையும் விடக் கடினமானது. உலோகக் கால் அதன்மேல் உரசும்போது பெரும்பாலும் கால்தான் தேய்ந்து தன் துகளைத் தரையில் பூசிவிட்டுப் போகிறது. கோட்டுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் அது வெறும் படிவுதான், பாத்திரம் தேய்க்கும் க்ரீமை ஈரத்துணியில் கொஞ்சம் எடுத்து மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும் (கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துவிடுங்கள்). இதை லேமினேட்டிலோ மார்பிளிலோ செய்யாதீர்கள், பளபளப்பு போய்விடும். மார்பிளில் எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு எதுவுமே படக்கூடாது.

நகம் தட்டினால் அது உண்மையான கீறல், அதற்குக் காரணம் அநேகமாக மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, மார்பிள் 3 தான். செருப்போடு வந்த ஒரு மணல்துகள் நாற்காலிக் காலடியில் மாட்டிக்கொண்டால் போதும், மேலே ஆள் உட்கார்ந்து அசைய அசைய அது தரையை அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஃபெல்ட் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபெல்ட் மெத்தென்று இருப்பதால் மணலை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், நாளாக ஆக அதுவே உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், அழுந்திக் கெட்டியாகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

சரி, அது ஏன் கழன்று போகிறது? நாற்காலி பக்கவாட்டில் இழுபடுகிறது, பசை நேராக அழுத்தினால் தாங்குமே தவிரப் பக்கவாட்டு இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. காலின் அடியில் இருக்கும் தூசியையும் எண்ணெய்ப்பசையையும் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, முடிந்தால் ஒரு நாள் முழுக்க நாற்காலியைத் தொடாமல் விடுங்கள். துண்டு காலின் அடியைவிட ஒரு நூல் சிறியதாக இருக்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம்தான் முதலில் பிரியும். ஆனாலும் தினமும் இழுக்கும் நாற்காலிக்கு என் சிபாரிசு பசை இல்லை. மரக்கால் என்றால் ஆணியோ திருகோ வைத்த ஃபெல்ட் பாதம், இரும்புக் குழாய்க் கால் என்றால் அடியில் ஃபெல்ட் வைத்த புஷ், அளவு சரியாக, இறுக்கமாக உட்கார வேண்டும்.

ரப்பர் புஷ் வேண்டாமா என்றால், நகராத பொருளுக்கு நல்லது, இழுக்கும் நாற்காலிக்கு வேண்டாம், கறுப்புக் கறை விடும். வினைல் தரையில் எதற்குமே வேண்டாம்: ரப்பரில் இருக்கும் ரசாயனம் மெல்ல வினைலுக்குள் இறங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை உண்டாக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அப்புறம் பீரோ. முழுக்கக் காலி செய்யுங்கள், இழுப்பறைகளையும் எடுத்துவிடுங்கள், பாதையைப் பெருக்கித் துடையுங்கள். டைல்ஸில் பீரோவை ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்து (ஒருவர் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்) அடியில் தடித்த போர்வையை நுழைத்து இருவராக மெதுவாக இழுக்கலாம், லேமினேட்டில் போர்வைக்கும் கீழே ஹார்ட்போர்டோ பிளைவுட்டோ விரித்துக்கொள்வது நல்லது. தனியாகச் செய்யவே செய்யாதீர்கள், பீரோ சாய்ந்தால் தரை அல்ல, ஆள்தான் போவார்.

வைத்த பிறகு கவனிக்க வேண்டியது மொத்த எடை அல்ல, அது எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பது. 200 கிலோ பீரோவுக்கு நான்கு கால் என்றால் ஒரு காலுக்கு 50 கிலோ. காலடி ஒரு சதுர செ.மீ. தான் என்றால் அவ்வளவும் அந்தப் புள்ளியில். 5 செ.மீ.க்கு 5 செ.மீ. தட்டையான கட்டை வைத்தால் சதுர செ.மீ.க்கு 2 கிலோவாகக் குறைந்துவிடும். டைல்ஸில் வைப்பதாக இருந்தால் கால் வரும் இடத்தைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை, அங்கே பாரம் ஏற்றினால் டைல்ஸ் விரிசல் விடலாம். லேமினேட் தரை அடித்தளத்தோடு ஒட்டாமல் சும்மா மேலே கிடக்கிற தரை, ஈரத்துக்கு விரிந்து சுருங்கும். அறையின் இரு எதிர்ச் சுவர்களிலும் பாரமான அலமாரிகள் உட்கார்ந்தால் அதற்கு நகர வழியில்லாமல் நடுவில் தூக்கலாம், இல்லை இணைப்புகள் பிரியலாம். உங்கள் அறையில் கட்டில் ஒரு பக்கம் என்றால் பீரோவையும் அதே பக்கச் சுவரை ஒட்டியே வையுங்கள்.