ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் 'மார்த்தாள், மரியாள் வீட்டில் கிறிஸ்து' ஓவியத்தில் சமையற்காரி பெரிதாகவும் இயேசு சிறிதாகவும் இருப்பது ஏன்?

வேண்டுமென்றே செய்ததுதான். 1618-இல், இருபது வயதுகூட நிரம்பாத வெலாஸ்கெஸ் செவில் நகரில் வரைந்த படம் இது. அடுக்களைக் காட்சிகளுக்கு அங்கே அப்போது நல்ல மவுசு. முன்னால் ஒரு பெண் பித்தளை உரலில் இடிக்கிறாள். பக்கத்தில் நான்கு மீன், இரண்டு முட்டை, பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய். மீனின் ஈர மினுமினுப்பே பையனின் கைத்திறனைச் சொல்லிவிடும். அவள் முகமோ உர்ரென்று இருக்கிறது. பின்னால் கிழவி விரல் நீட்டி ஏதோ உணர்த்துகிறாள்.

படத்தின் மூலையில் சிறிதாக, பைபிளின் லூக்கா 10-ஆம் அதிகாரக் காட்சி: மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்க, வேலையெல்லாம் மார்த்தாள் தலையில். கதையைவிட, அதை இன்றைக்கும் வாழ்கிற சமையற்காரிதான் ஓவியருக்கு முக்கியம். அந்த மூலை சன்னலா, கண்ணாடியா, மாட்டிய படமா என்று வாதம் உண்டு. எனக்குச் சன்னல் என்றே படுகிறது.

அப்புறம், 1892-இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு இது உயில் வழியே வந்தது. எழுதி வைத்தவர் முன்னாள் இலங்கை ஆளுநர் வில்லியம் கிரிகரி.